சரியான அமைப்பில் கறுப்புத் திரை: பிடி878 டிவி அட்டையை லினக்ஸில் ஓடவைத்த பதிவு

செய்யாறு பக்கம் கூத்து வாத்தியார் ஒருவர் வீட்டில் விஎச்எஸ் கேசட்டுகள் ஒரு பெட்டி நிறையக் கிடந்தன. எல்லாம் தெருக்கூத்துப் பதிவுகள். ஈ-180 கேசட் மூன்று மணி நேரம்தான் ஓடும் என்பதால் விடிய விடிய நடக்கும் ஒரு கூத்துக்கு மூன்று நான்கு கேசட் ஆகிவிடும். அவற்றைக் கணினிக்கு மாற்றித் தருவதாக ஒப்புக்கொண்டேன். வெறுமனே மாற்றுவதென்றால் படம் உடனுக்குடன் திரையில் தெரிய வேண்டும் என்று கட்டாயமில்லை. ஆனால் பழைய டேப்பில் ட்ராக்கிங் (டேப்பில் பதிந்த தடத்தோடு ஹெட் ஒத்துப்போவது) அடிக்கடி நழுவும். விசிஆரின் ட்ராக்கிங் பொத்தானை அழுத்திக்கொண்டே படத்தைப் பார்க்க வேண்டும். படம் அரை நொடி பிந்தி வந்தாலும் சரியான இடத்தைத் தாண்டிப் போய்விடுவோம். அதனால் கணினித் திரையின் ஜன்னலில் நேரலையாகப் படம் வரவைப்பதுதான் முதல் வேலை. பதிவு அப்புறம்.

கணினி, கோர் 2 டூவோ காலத்து மேசைக் கணினி. 4 ஜிபி ராம், போர்டில் இரண்டு பிசிஐ ஸ்லாட். டெபியன் 12 லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப், திரையை வரைய வேலண்ட் இல்லாமல் எக்ஸ்11. கேப்சர் அட்டை ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய சாமான் கடையில் 300 ரூபாய்க்குக் கிடைத்தது. "டிரைவர் சிடி எல்லாம் கிடையாது சார், ஓடலேன்னு திருப்பிக் கொண்டு வராதீங்க" என்று சொல்லித்தான் கொடுத்தார். சிப்பின் மேல் பிடி878 என்று எழுதியிருந்ததால் தைரியமாக வாங்கினேன். லினக்ஸில் இந்தச் சிப்புக்கு பிடிடிவி என்ற டிரைவர் பல ஆண்டுகளாக இருக்கிறது. மூன்று மீட்டர் ஏவி கேபிள் 120 ரூபாய், ஆர்சிஏ-விலிருந்து 3.5 மிமீ பின்னுக்கு மாற்றும் கேபிள் 90 ரூபாய். விசிஆர், என் சொந்தக்காரர் ஒருவர் வீட்டுப் பரணில் இருந்தது. பெல்ட் மாற்றி, ரப்பர் உருளையைச் சுத்தம் செய்ததில் 350 ரூபாய்.

அட்டையைச் செருகி, பிசிஐ சாதனங்களைப் பட்டியலிடும் எல்எஸ்பிசிஐ கட்டளையை ஓட்டியதும் இரண்டு வரிகள் வந்தன. இந்தச் சிப் தன்னை இரண்டு சாதனமாகக் காட்டிக்கொள்ளும்: வீடியோவுக்கு ஒன்று, ஒலிக்கு ஒன்று. இரண்டும் தெரிந்தால் ஸ்லாட்டில் சரியாக உட்கார்ந்திருக்கிறது என்று அர்த்தம். டிமெசேஜில் (கெர்னலின் செய்திப் பட்டியல்) பிடிடிவி டிரைவர் தானாக ஏறியிருந்தது, ஆனால் அட்டையின் பெயருக்குப் பதிலாக 'அன்னோன்/ஜெனரிக், கார்டு=0' என்று போட்டிருந்தது. மலிவான அட்டைகள் பலவற்றில் தயாரிப்பாளர் அடையாள எண்ணைச் சொல்லும் ஈப்ராம் சில்லு இருக்காது. சிப் தெரியும், அதைச் சுற்றி என்ன கட்டியிருக்கிறார்கள் என்பது டிரைவருக்குத் தெரியாது. ட்யூனர் எனக்குத் தேவையில்லை, மஞ்சள் பின் போதும், அதனால் பொது அட்டையாகவே இருக்கட்டும் என்று விட்டேன். இந்த ஒரு வரிதான் பின்னால் வந்த தலைவலி அத்தனைக்கும் மூலம்.

முதலில் திறந்தது டிவிடைம் என்ற டிவி பார்க்கும் நிரல். நீலத் திரை, சிக்னல் இல்லை. இது எதிர்பார்த்ததுதான், அது முதலில் ட்யூனர் உள்ளீட்டைத்தான் எடுக்கும். 'ஐ' விசையைத் தட்டி காம்போசிட்டுக்கு (மஞ்சள் பின்) மாற்றினேன். படம் வந்தது! கறுப்பு வெள்ளையில், மேலிருந்து கீழாக உருண்டுகொண்டே. இப்படி உருண்டால் டிவி முறை தவறு என்று விசிஆர் காலத்து ஆள் யாரும் சொல்லிவிடுவார். டிவிடைம் வேறு எதுவும் சொல்லாவிட்டால் என்டிஎஸ்சி (அமெரிக்க டிவி முறை) என்று எடுத்துக்கொள்ளும்; நம் ஊர்க் கேசட்டுகள் பால் என்ற டிவி முறை. 525 வரிக்குக் காத்திருக்கும் அட்டைக்கு 625 வரி வந்தால் உருளத்தானே செய்யும். நிறத்தின் துணை அலைவரிசையும் வேறு என்பதால் வண்ணமும் போய்விடும். கட்டளை வரியில் முறையை பால் என்று கொடுத்து மறுபடி திறந்தேன்.

இப்போது உருளல்கூட இல்லை. ஜன்னல் முழுக்கக் கறுப்பு, டெர்மினலில் ஃப்ரேமைப் படிக்க முடியவில்லை என்ற புகார்.

தவறான அமைப்பில் ஏதோ படம் வருகிறது, சரியான அமைப்பில் ஒன்றுமே வரவில்லை. குழப்பம் இங்கேதான். விசிஆரைப் பழைய பிக்சர் ட்யூப் டிவியில் மாட்டினால் அட்டகாசமான வண்ணம். கேபிளை மாற்றினாலும் அதே கதை. எம்பிவி, விஎல்சி, எக்ஸ்ஏடபிள்யூடிவி என்று வேறு வீடியோ நிரல்களை ஒவ்வொன்றாக மாற்றி மாற்றித் திறந்து பார்த்ததில் நேரம் போனதுதான் மிச்சம். ஒவ்வொன்றும் தன் பாணியில் கறுப்பைக் காட்டியது. இடையில் இன்னொரு தொல்லை: டிவிடைம் வைத்த முறை அதை மூடிய பிறகும் டிரைவரில் அப்படியே இருக்கும். டிவிடைமை ஒருமுறை வெறுமனே திறந்து மூடிவிட்டு எம்பிவியைத் திறந்தால், அது என்டிஎஸ்சியில் உருளும் படத்தைக் காட்டும். உடனே எம்பிவி பரவாயில்லை போலிருக்கிறதே என்று தோன்றும்.

ஜன்னல்களை எல்லாம் மூடிவிட்டு வி4எல்2-சிடிஎல் கருவியோடு மட்டும் உட்கார்ந்ததும்தான் விஷயம் பிடிபடத் தொடங்கியது. உள்ளீடுகளின் பட்டியலைக் கேட்டால், தற்போதைய உள்ளீட்டுக்கு எதிரே சிக்னல் இருக்கிறதா, கிடைமட்ட ஒத்திசைவு பிடித்திருக்கிறதா என்று இந்தக் கருவி சொல்லும். சிப்பின் நிலையையே படித்துச் சொல்வதால் ஜன்னல், கிராஃபிக்ஸ், டெஸ்க்டாப் எதுவும் குறுக்கே வராது. பால் வைத்தால் சிக்னல் இல்லை, ஒத்திசைவும் இல்லை. என்டிஎஸ்சி வைத்தால் சிக்னல் இருக்கிறது. கேபிளைத் தொடாமலே இந்த மாற்றம். அடுத்து, அதே கருவியை 100 ஃப்ரேமை நேராக ஒரு கோப்பில் கொட்டச் சொன்னேன். 720×576 அளவில், புள்ளிக்கு 2 பைட் கணக்கில், ஒரு ஃப்ரேம் 8,29,440 பைட். நூறுக்கு 8,29,44,000 வர வேண்டும். பால் முறையில் கோப்பு வளரவே இல்லை. டிமெசேஜில் டைம்அவுட், ரீசெட் என்று பிடிடிவியின் வரிகள் குவிந்தன. ஆக, எந்த நிரலும் காரணமில்லை. பால் என்று சொன்னதும் சிப்பே நின்றுபோகிறது.

அட்டையைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தேன். சிப்புக்குப் பக்கத்தில் ஒரே ஒரு வெள்ளி நிறக் கிரிஸ்டல் (சிப்புக்குக் கடிகாரத் துடிப்பு தரும் பாகம்), மேலே 28.636 என்று பொறித்திருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னொரு கிரிஸ்டலுக்கான இடம் காலியாக, ஈயம்கூடத் தொடாமல் இருந்தது.

விளக்கம் சின்னதுதான். இந்தச் சிப் குடும்பத்துக்கு என்டிஎஸ்சியில் 28.636 மெகாஹெர்ட்ஸும் பாலில் 35.469 மெகாஹெர்ட்ஸும் கடிகாரத் துடிப்பு வேண்டும். இரண்டும் அந்தந்த முறையின் நிறத் துணை அலைவரிசைக்கு எட்டு மடங்கு, 4.43361875-ஐ எட்டால் பெருக்கினால் 35.46895. முதலில் வந்த பிடி848-க்கு இரண்டு கிரிஸ்டல் தேவைப்பட்டது. பிறகு வந்த பிடி848ஏ, பிடி878 போன்றவற்றில் பிஎல்எல் சுற்று உள்ளேயே இருக்கிறது. 28 கிரிஸ்டலிலிருந்தே 35-ஐ உண்டாக்கிக்கொள்ளும். செலவைக் குறைக்க அட்டை செய்தவர்கள் இரண்டாவதை விட்டுவிட்டார்கள். அட்டையை அடையாளம் தெரிந்தால் டிரைவர் தானே பிஎல்எல்-ஐ இயக்கும். கார்டு=0 என்றால் இயக்காது; பால் கேட்டதும் இல்லாத இரண்டாவது கிரிஸ்டலுக்கு மாறும். துடிப்பு இல்லாத சிப் என்ன செய்யும்?

டிரைவர் அமைப்புகள் இருக்கும் மோட்ப்ரோப்.டி அடைவில் பிடிடிவி.கான்ஃப் என்று ஒரு புதுக் கோப்பு, அதில் ஒரே வரி: ஆப்ஷன்ஸ் பிடிடிவி கார்டு=0 பிஎல்எல்=1. இதில் 1 என்பது 28 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், 2 என்பது 35. டிரைவர் மாட்யூலை இறக்கி ஏற்றினேன் (அட்டையைத் திறந்து வைத்திருக்கும் நிரல் எதுவும் ஓடக்கூடாது, இல்லாவிட்டால் இறங்க மறுக்கும்). டிமெசேஜில் 'பிஎல்எல்: 28636363 => 35468950' என்று வந்து, பக்கத்தில் ஓகே விழுந்தது. கோப்பு 8,29,44,000 பைட்டுக்கு வளர்ந்தது. கட்டியங்காரன் வண்ணத்தில் வந்து நின்றான்.

அட்டை சரி. இனி ஜன்னல்.

எக்ஸ்ஏடபிள்யூடிவி இப்போதும் கறுப்பாகவே இருந்தது. வி4எல்-கான்ஃப் ஏதோ சிக்கலில் இருக்கிறது, இருந்தாலும் தொடர்கிறேன் என்ற அதன் புகழ்பெற்ற எச்சரிக்கையும் டெர்மினலில் இருந்தது. இதற்குக் காரணம் வேறு. அந்தக் காலத்து முறைப்படி இந்த நிரல் ஓவர்லே கேட்கும். அதாவது கேப்சர் அட்டை, பிராசசரைத் தொந்தரவு செய்யாமல், பிசிஐ வழியாக நேராக கிராஃபிக்ஸ் நினைவகத்திலேயே படத்தை எழுதிவிடும். 200 மெகாஹெர்ட்ஸ் பென்டியத்தில் முழுத்திரை டிவி ஓடியது இந்தத் தந்திரத்தால்தான். அப்போதெல்லாம் ஸ்கிரீன்ஷாட் எடுத்தால் படம் இருக்கும் இடத்தில் வெறும் ஒற்றை நிறச் சதுரம் விழும், படம் எக்ஸ் சர்வரின் கையில் இல்லவே இல்லை என்பதால். அதற்கு திரை நினைவகத்தின் முகவரி தெரிய வேண்டும். அதைச் சொல்லிக்கொண்டிருந்த டிஜிஏ நீட்டிப்பை எக்ஸ் எப்போதோ கைவிட்டுவிட்டது, 2023 வாக்கில் கெர்னலிலிருந்தே ஓவர்லே ஆதரவை எடுத்துவிட்டார்கள். ஆகவே அதற்கு மருந்து தேடுவது வீண். எக்ஸ்ஏடபிள்யூடிவி-யின் அமைப்புக் கோப்பில் கேப்சர் என்ற இடத்தில் கிராப்டிஸ்ப்ளே என்று எழுதினால், ஃப்ரேமை நினைவகத்துக்கு வாங்கி, பிறகு ஜன்னலில் வரையும். எழுதியதும் வேலை செய்தது. 720×576, நொடிக்கு 25 ஃப்ரேம் என்றால் 20.7 எம்பி. இன்றைய கணினிக்கு இது ஒரு சுமையே இல்லை.

பழைய கையேடுகளைப் படித்து வருபவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. முதல் தலைமுறை வி4எல் இடைமுகத்தை (நிரல்கள் வீடியோ சாதனத்தோடு பேசும் வழி) 2011-இல் வந்த 2.6.38 கெர்னலோடு நீக்கிவிட்டார்கள். அதற்கு முந்தைய குறிப்புகளில் உள்ள கட்டளைகளில் பாதி இன்று சும்மா பிழை தரும்.

கடைசியில் நான் நிலைத்தது எம்பிவியில். வி4எல்2-சிடிஎல் வைத்து உள்ளீடு 1, முறை பால், அளவு 720×576 என்று முதலில் அமைத்துவிட்டு, பிறகு லோ-லேட்டன்சி ப்ரொஃபைலும் அன்டைம்ட் தேர்வும் கொடுத்து எம்பிவியைத் திறப்பது. இந்த வரிகளை ஒரு ஷெல் ஸ்கிரிப்டில் போட்டு வைத்தேன். விஎல்சி நேரலைக்கு 300 மில்லி நொடி சேமித்து வைத்துத்தான் காட்டும். குறைக்கலாம்தான், ஆனால் ட்ராக்கிங் பொத்தானோடு மல்லுக்கட்டுபவனுக்கு எம்பிவிதான் கைக்கு அடக்கம். விகிதத்தை 4:3 என்று சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் 5:4-இல் காட்டி எல்லோரும் கொஞ்சம் ஒல்லியாகத் தெரிவார்கள்.

சாதனப் பெயரும் ஒருமுறை காலை வாரியது. கணினியை மறுபடி இயக்கியபோது யுஎஸ்பி வெப்கேம் முந்திக்கொண்டு வீடியோ0 ஆகிவிட்டது. கூத்து வர வேண்டிய ஜன்னலில் என் முகம். டெவ் அடைவுக்குள் வி4எல், அதற்குள் பை-பாத் என்று ஒரு துணை அடைவு இருக்கிறது. ஸ்லாட்டின் பெயரிலேயே இணைப்பு இருக்கும், எண் மாறினாலும் அது மாறாது. ஸ்கிரிப்டில் அதைப் போட்டதோடு சரியானது. புதிய பயனர் கணக்கில் அனுமதி மறுப்பு வந்தால் வீடியோ குழுவில் சேர்த்துவிட்டு ஒருமுறை வெளியேறி உள்ளே வர வேண்டும்.

முழுத்திரையில் பார்த்தால் அடவு வைத்துச் சுழலும் இடங்களில் விளிம்பெல்லாம் சீப்புப் பல்லாக இருந்தது. சின்ன ஜன்னலில் இப்படி இல்லையே என்று பார்த்தால், டிரைவர் 288 வரி அல்லது அதற்குக் கீழே கேட்டால் ஒரு ஃபீல்டை (ஒன்று விட்டு ஒரு வரி மட்டும் கொண்ட பாதிப் படம்) மட்டும் தருகிறது; அதற்கு மேல் கேட்டால் இரண்டு ஃபீல்டையும் பின்னிக் கொடுக்கிறது. எம்பிவியில் 'டி' விசை தட்டினால் டீஇன்டர்லேஸ் ஆகிவிடும். இது பார்ப்பதற்கு மட்டும்தான். பதிவில் பின்னிய நிலையிலேயே விட்டுவிடுவது நல்லது, பிறகு நிதானமாகச் செய்துகொள்ளலாம். படத்தின் அடியில் சில வரிகள் கிழிந்தாற்போல நெளியும். விசிஆர் ஒரு ஹெட்டிலிருந்து இன்னொன்றுக்கு மாறும் இடம் அது. டிவி அதைச் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்துக்கொள்ளும், கணினி ஒளிக்காது. அதைச் சரிசெய்ய ஒன்றுமில்லை.

ஒலியை மதர்போர்டின் நீல நிற லைன்-இன் துளைக்கு நேராகக் கொடுத்தேன். ஆல்சாமிக்சரில் எஃப்4 தட்டி, லைன் உள்ளீட்டில் கேப்சரை இயக்காமல் விட்டால் எத்தனை கத்தினாலும் கேட்காது. ஸ்பீக்கரில் உடனே கேட்க பல்ஸ்ஆடியோவின் லூப்பேக் மாட்யூலை 60 மில்லி நொடி தாமதத்தோடு ஏற்றினேன். அதற்குக் கீழே போனால் என் கணினியில் ஒலி வெட்டுகிறது. விசிஆரை வேறு சுவரின் பிளக்கில் மாட்டியிருந்தபோது மத்தளத்துக்கு அடியில் ஒரு உறுமல் கேட்டுக்கொண்டே இருந்தது. கணினியும் விசிஆரும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு வந்ததும் அது அநேகமாகப் போய்விட்டது.

பதிவும் பார்வையும் ஒரே நேரத்தில் வேண்டும் என்றால் இரண்டு நிரல்கள் அட்டையிலிருந்து படம் வாங்க முடியாது. இரண்டாவதற்கு 'சாதனம் பிஸி' என்ற பதில்தான் கிடைக்கும். எஃப்எஃப்எம்பெக் நிரல் மட்டும் அட்டையைத் திறந்து, தரம் குறையாமல் அழுத்தும் எஃப்எஃப்வி1 வடிவில் கோப்புக்கு ஒன்றும், பைப் வழியாக எம்பிவிக்கு ஒன்றும் அனுப்பும்படி வைத்தேன். இதனால் சேரும் தாமதம் கண்ணுக்குத் தெரிகிறது, ஆனாலும் ட்ராக்கிங்கை முதல் சில நிமிடத்தில் தனியாகச் சரிசெய்துவிட்டால் அப்புறம் பெரிதாகத் தொட வேண்டியிருக்காது. அழுத்தாமல் வைத்தால் மணிக்கு சுமார் 75 ஜிபி. எஃப்எஃப்வி1-இல் என் கேசட்டுகளுக்கு 30 ஜிபி சுற்றி வருகிறது. தனி 2 டிபி வட்டு இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

தேய்ந்த டேப்புகளில் ஃப்ரேம் விடுபடுகிறது. பிடிடிவியின் கட்டுப்பாடுகளில் விசிஆர் ஹேக் என்று ஒன்று உண்டு. அதை இயக்கியதும் கொஞ்சம் குறைந்தது. ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஹெட்டைத் துடைத்தது அதைவிடப் பலன் தந்தது. (பஞ்சுக் குச்சி வேண்டாம், நார் ஹெட்டில் மாட்டும்.) பூஞ்சை பிடித்த கேசட்டுகளை இன்னும் தொடவில்லை. ஒன்றை ஓட்டினால் ஹெட் வழியாக அடுத்ததற்கும் ஒட்டிக்கொள்ளும். அடுத்த சுற்றில் விசிஆருக்கும் அட்டைக்கும் நடுவே பழைய டிவிடி ரெக்கார்டர் ஒன்றை வைத்துப் பார்க்கப் போகிறேன். சில ரெக்கார்டர்கள் வழியே சிக்னலைக் கடத்தினாலே ஒத்திசைவு நேராகிவிடும்.

பிசிஐ ஸ்லாட் இல்லாதவர்களுக்காக 650 ரூபாய் யுஎஸ்பி கேப்சர் குச்சி ஒன்றையும் மடிக்கணினியில் ஓட்டிப் பார்த்தேன். இவற்றில் உறை ஒரே மாதிரி இருக்கும், உள்ளே சிப் வேறு வேறு. எல்எஸ்யுஎஸ்பி-யில் 1பி71:3002 என்றால் யுஎஸ்பிடிவி டிரைவர், 05ஈ1:0408 என்றால் எஸ்டிகே1160, ஈபி1ஏ என்று தொடங்கினால் பெரும்பாலும் ஈஎம்28எக்ஸ்எக்ஸ். எனக்கு வந்தது முதல் வகை, கெர்னலிலேயே டிரைவர் இருந்தது. ஆனால் ஹப்பில் மாட்டி, கூடவே வெப்கேமும் ஓடியபோது 'சாதனத்தில் இடமில்லை' என்ற பிழை வந்தது. வட்டில் இடம் ஏராளமாக இருந்தது. அது சொல்வது யுஎஸ்பி வழியாக நொடிக்குப் போகக்கூடிய தரவின் அளவை. முழு பால் படத்துக்கு நொடிக்கு 20.7 எம்பி, யுஎஸ்பி 2-இல் இப்படித் தொடர்ச்சியாக ஓடும் ஒரு இணைப்புக்கு அதிகபட்சம் 24 எம்பிதான் கிடைக்கும், பக்கத்தில் வெப்கேமும் கை நீட்டினால் எங்கே போவது? குச்சியை ஹப்பிலிருந்து எடுத்து கணினியின் எதிர்ப்பக்கத் துளையில் நேராக மாட்டியதும் படம் வந்தது. நிறம் அட்டையைவிடச் சற்று வெளிறிப்போய் இருக்கிறது, அதனால் கூத்துக் கேசட்டுகளுக்கு அட்டையையே வைத்துக்கொண்டேன். உதிரிக்கு இன்னொரு பிடி878 வாங்க அதே கடைக்குப் போனபோது டார்ச்சைக் கொண்டுபோய், 28.636-க்குப் பக்கத்தில் 35.469-உம் இருக்கிறதா என்று ஒவ்வொரு அட்டையாகப் புரட்டிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் ஒன்றுதான். கடைக்காரர் 250-க்குக் கொடுத்தார்.